கைமாற்றும்போது ஒரு சுற்று

2023 ஜூன் 6, செவ்வாய்

மின்விசிறி கிரீச்சிடுகிறது என்று என் மனைவி அனுஷியா மூன்று வாரமாகச் சொல்லி வந்தாள். அதற்கு ஒரு சின்ன பேரிங் வாங்கலாமென்று நஸீபின் கடைக்குப் போனேன். எனக்கு முன்னால் ஒரு பெண். ஐம்பது வயதிருக்கும். பையிலிருந்து பத்திரிகைத் தாளில் சுற்றிய ஒன்றை எடுத்து மேசையில் 'டொக்' என்று வைத்தார். உடைந்த பேரிங்.

"இந்த வருசத்துல இது மூணாவது. நீங்க குடுக்குறது பேரிங்கா பிஸ்கட்டா தம்பி?"

நஸீபுக்கு முகம் சிவந்துவிட்டது. "அக்கா, பெட்டி ஒடைக்காத சாமான் தந்தன். நான் பொய் செல்ற இல்ல. மடவளையில எங்கட வாப்பா காலத்துல ஈந்து பேரிங் விக்கிற. ஒங்கட மெஷின்ல தான் என்னமோ ஈக்கி."

நான் வழக்கம்போல ஒதுங்கி நின்றேன். ஆனால் அந்த உடைந்த பேரிங் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது. "நான் கொஞ்சம் பார்க்கலாமா?" என்று ஒரு குரல் கேட்டது. என் குரல்தான்.

அவர் பெயர் நல்லம்மா. ஹந்தானைத் தோட்டம், மேல் டிவிசன் லயத்து வரிசைவீட்டில் இருக்கிறார், தேயிலைக் கொழுந்து எடுக்கிறவர். அங்கே இருபத்திரண்டு வீட்டுக்கு இந்த வருடம் ஓடையில் ஒரு சின்ன டர்பைன் வைத்து அவர்களே கரண்ட் எடுக்கிறார்கள். அதற்காக அமைத்த சங்கத்துக்கு இவர்தான் தலைவி. ஐந்தாறு வாரத்துக்கொருமுறை டர்பைன் தண்டின் பேரிங் உடைகிறதாம்.

"ஆகஸ்ட் கூட்டத்துக்குள்ள இன்னொண்ணு ஒடஞ்சா டர்பைன நிறுத்தி பழைய இரும்புக்குப் போட்டுறதுன்னு எழுதி கையெழுத்தும் வச்சிட்டாங்க ஐயா. வீடு வீடா போய் காசு சேத்தவ நான். இனி அவங்க மூஞ்சியில எப்படி முழிப்பேன்? மெயின் லைன் வரும் வரும்னு பதினோரு வருசமா சொல்றாங்க."

"சேர்ட்ட குடுங்க அக்கா. முப்பத்தி நாலு வருசம் மெஷின் கணக்குப் பாத்த மனுசன்," என்றான் நஸீப்.

அது முழு உண்மையல்ல. திருத்தியிருக்க வேண்டும். திருத்தவில்லை. உடைந்த பேரிங் இப்போது என் மேசையில். மின்விசிறிக்கு வாங்க மறந்துவிட்டேன்.

ஜூன் 7, புதன்

முழு உண்மையை இங்காவது எழுதி வைக்கிறேன். கெலிஓயாப் பக்கத்து வேலைத்தளத்தில் வரைபடத்தின் மூலையில் மூன்று கட்டம் இருக்கும். வரைந்தவர். கணக்கிட்டவர். சரிபார்த்தவர். முப்பத்துநாலு வருடமும் என் கையெழுத்து மூன்றாவது கட்டத்தில்தான். இரண்டாவதில் ஒருநாளும் இல்லை. கேட்டதுமில்லை. மற்றவர் கணக்கில் பிழை கண்டுபிடிப்பது ஒன்று, வெறுந்தாளில் முதல் எண்ணை எழுதுவது இன்னொன்று.

பழைய பேரிங் பட்டியல் புத்தகத்தைப் பரணிலிருந்து இறக்கினேன். அனுஷியா கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "எழுபத்துநாலு வயசுல இது தேவையா? விழுந்தா அந்தப் புத்தகத்துலயா மருந்து இருக்கு?"

இருக்கிறது. பக்கம் 112.

ஜூன் 8, வியாழன்

நல்லம்மாவிடம் தொலைபேசியில் அளவுகள் கேட்டேன். அவர் ஒன்றொன்றாக மூக்கையா என்பவரிடம் கத்திக் கேட்டுச் சொன்னார். தொழிற்சாலையில் ஃபிட்டருக்கு உதவியாளாக இருந்தவர். டர்பைனைப் பூட்டியதும் அவர்தானாம்.

நிமிடத்துக்கு 500 சுற்று. பத்துக் கிலோவாட். பெல்ட் ஓடும் பெரிய கப்பி நாற்பது சென்டிமீட்டர்.

பிறகு உட்கார்ந்தேன். பட்டியலில் ஒவ்வொரு பேரிங்குக்கும் ஒரு எண் உண்டு. பத்து லட்சம் சுற்றுக்கு அது எவ்வளவு சுமை தாங்கும் என்பது. இதற்கு 3300 கிலோ. அந்த எண்ணைத் தாங்கவேண்டிய சுமையால் வகுத்து, வருவதை மூன்று தரம் எழுதி ஒன்றோடொன்று பெருக்கினால் எத்தனை பத்து லட்சம் சுற்று ஓடும் என்று வந்துவிடும். சுமை பாதியானால் ஆயுள் இரண்டு மடங்கல்ல, எட்டு மடங்கு. இதை எழுதும்போது இன்றைக்கும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது, ஏனென்று தெரியவில்லை.

சக்கரத்தின் எடை, பெல்ட்டின் இழுவை எல்லாம் சேர்த்து இந்தப் பேரிங்கில் விழவேண்டியது 300 கிலோ. 3300-ஐ 300-ஆல் வகுத்தால் 11. மூன்று தரம் பெருக்க 1331. பத்து லட்சம் சுற்றுக்கு முப்பத்துமூன்றேகால் மணி நேரம் சொச்சம். ஆக, 44,000 மணி நேரம்.

ஐந்து வருடம்!

ஓடுவதோ ஐந்தாறு வாரம். எங்கேயோ பிழை. நிச்சயம் என்னிடம்தான்.

ஜூன் 9, வெள்ளி

நாலு தரம் போட்டேன். நாலு தரமும் ஐந்து வருடம்.

அனுஷியாவைப் பெருக்கிப் பார்க்கச் சொன்னேன். முப்பது வருடம் கணிதம் படிப்பித்தவள். சிவப்புப் பேனையை எடுத்து, மூக்குக்கண்ணாடியை இறக்கிக்கொண்டு, மாணவன் கொப்பியைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். "கணக்கு சரி. கையெழுத்து மோசம்." ஒரு பெரிய சரி அடையாளம்.

ஆனால் கணக்கு சரியாக இருந்தால் சுமைதான் பிழை. தலைகீழாகப் போட்டேன். ஆயிரம் மணி நேரத்தில் உடைய வேண்டுமானால் என்ன சுமை? 1060 கிலோ. குறைந்தது. (இந்தச் சூத்திரம் நூறு பேரிங்கில் தொண்ணூறு தாண்டும் ஆயுளைத்தான் சொல்லும். பத்து முன்னமே போகலாம். இதை மறந்துவிடக் கூடாது.)

ஒரு டன்னுக்கு மேல்! அந்தச் சின்னக் குடிசைக்குள் ஒரு டன் எங்கிருந்து வருகிறது? இரவுச் சாப்பாட்டில் இரண்டு தரம் உப்பு போட்டுக்கொண்டேனாம்.

ஜூன் 12, திங்கள்

உடைந்த பேரிங்கை மண்ணெண்ணெயில் கழுவினேன். வெளி வளையத்தின் உட்புறத்தில் ஒரே பக்கமாக, மூன்றிலொரு பங்குக்கு, உரிந்த தடம். மற்ற இடமெல்லாம் கண்ணாடி. வெளி வளையம் சுற்றுவதில்லை, ஆகவே எந்தத் திசையில் அழுத்தம் இருந்ததோ அங்கேதான் தேயும். ஆனால் எது மேல், எது கீழ்? கழற்றிய பேரிங்கில் எப்படித் தெரியும்?

அப்போதுதான் வளையத்தின் ஓரத்தில் ஆணியால் குத்திய ஒரு புள்ளியைப் பார்த்தேன். நல்லம்மாவுக்கு எடுத்தேன். தொலைபேசியில் அவருக்குப் பின்னாலிருந்து மூக்கையாவின் குரல்: "மேல் பக்கத்துக்குக் குத்துனது! எதக் கழட்டினாலும் குத்திட்டுத்தான் கழட்டுவேன்னு சொல்லு. நான் என்ன நேத்து பொறந்தவனா?"

அந்த முகம் தெரியாத மனிதரை அப்படியே கட்டிப் பிடிக்கலாம்போல் இருந்தது. புள்ளி மேலே என்றால் தடம் கீழே இல்லை. பக்கவாட்டில்; பெல்ட் சுழற்றும் டைனமோ அந்தப் பக்கம்தானாம். எடை அல்ல. பெல்ட்! பெல்ட்தான் இழுக்கிறது. புதிய பேரிங் நேற்று ஞாயிற்றுக்கிழமை பூட்டியாயிற்றாம். வரும் ஞாயிறு போய்ப் பார்ப்பதாகச் சொல்லிவிட்டேன். யோசிக்காமல் சொன்னேன்.

ஜூன் 18, ஞாயிறு

போய் வந்தேன். பஸ்ஸில் ஒரு மணி, நடை முக்கால் மணி. நல்லம்மா வழியில் நின்று கூட்டிப் போனார். தகரக் குடிசை. உள்ளே டர்பைன் 'உம்' என்ற ஒரே சுருதியில் ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் செம்பருத்தி, உள்ளே சாமி படம், பொட்டு வைத்த டைனமோ. என்ன சுத்தம்! எங்கள் வேலைத்தளம் இந்தச் சுத்தத்தை ஒருநாளும் கண்டதில்லை. பேரிங் கூட்டைக் கையால் தொட்டுப் பார்த்தேன், சூடில்லை. தண்டு நேர். கப்பிகள் ஒரே கோட்டில். மூக்கையா பக்கத்திலேயே நின்றார். ஒல்லி மனிதர், எழுபது இருக்கும், கைகட்டி. "என்னங்கையா, குத்தம் எதும் கண்டுபுடிச்சீங்களா?" இல்லை என்றேன். உண்மை. இல்லை.

ஒரு வாரத்துக்கு ஒரு வீடு டர்பைனைப் பார்த்துக்கொள்ளும் முறை. ஞாயிறு பின்னேரம் கைமாற்றுவார்கள். இன்றைக்கு ராக்கம்மா வீட்டு முறை முடிந்தது. அவர் குடிசையைக் கூட்டி, கற்பூரம் காட்டி, டைனமோவின் அடியிலிருக்கும் நீண்ட போல்ட்டை ஸ்பேனரால் ஒரு சுற்று முறுக்கி, ஸ்பேனரைக் கண்ணில் ஒற்றி அடுத்த வீட்டுக்காரரிடம் கொடுத்தார். எனக்குக் கண் கலங்கியது. ஒரு இயந்திரத்தை இவ்வளவு மரியாதையாக யாரும் வைத்திருந்து நான் பார்த்ததில்லை.

"ஐயாவும் ஒரு சுத்து குடுங்க. வந்தவங்க கை பட்டா நல்லது," என்று நல்லம்மா ஸ்பேனரை நீட்டினார். கூச்சமாக இருந்தது. ஆனாலும் வாங்கி ஒரு சுற்று முறுக்கினேன். எல்லாரும் சிரித்தார்கள். தேத்தண்ணியும் ரொட்டியும் தந்தார்கள். காரணம் தெரியாமல் திரும்பினேன்.

ஜூன் 19, திங்கள்

அட மடையா!

அந்த போல்ட்! அது டைனமோவைப் பின்னால் தள்ளும் போல்ட். பின்னால் தள்ளினால் பெல்ட் இறுகும். ஒவ்வொரு ஞாயிறும் ஒரு சுற்று. பேரிங் மாற்றும்போது பெல்ட்டைக் கழற்றிப் புதிதாகப் பூட்டுகிறார்கள், அப்போது இறுக்கம் சரியாக இருக்கும். பிறகு வாரத்துக்கொரு சுற்று, வாரத்துக்கொரு சுற்று. ஆறாவது வாரம் பெல்ட் வீணைத் தந்தி!

கண்ணெதிரே நடந்தது. பார்த்தேன். கலங்கினேன். போதாததற்கு — ஐயோ, என்ன வேலை பார்த்துட்டு வந்திருக்கேன் — நானும் ஒன்று முறுக்கினேன். கணக்குப் பார்க்கப் போன மனுசன்!

அனுஷியாவிடம் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். "கற்பூரமும் காட்டினீங்களா?"

ஜூன் 22, வியாழன்

நல்லம்மாவுக்குத் தொலைபேசி எடுக்கவில்லை. நேற்றும் எடுக்கவில்லை. என்ன சொல்வது? உங்கள் அக்கறைதான் பேரிங்கை உடைக்கிறது என்றா? கண்ணில் ஒற்றிக் கொடுக்கிற பொருளைக் கையில் எடுக்காதே என்றா? அதுவும் ஒரு ஊகத்தை வைத்து? சுற்றுக்கு எவ்வளவு இறுகுகிறது என்று எனக்கு எண் இல்லை. எண் இல்லாமல் நான் எப்படிப் பேசுவது?

எண்ணை அளக்கலாம். கொழுந்து நிறுக்கிற தராசு அவர்களிடம் இருக்குமே!

ஜூன் 25, ஞாயிறு

இன்று கைமாற்றும் நேரத்துக்கு எடுத்தேன். மூன்று பெல்ட்டில் ஒன்றின் நடுவில் கொழுந்துத் தராசின் கொக்கியை மாட்டி, பெல்ட் ஒரு தீப்பெட்டித் தடிப்புக்கு இறங்கும்வரை இழுத்து, எத்தனை கிலோ என்று சொல்லச் சொன்னேன். டர்பைனை நிறுத்திவிட்டுத்தான் என்று மூன்று தரம் சொன்னேன்.

"ஆறு கிலோங்க."

"சரி. இனி..." முறுக்காதீர்கள் என்று சொல்ல வாய் எடுத்தேன். வரவில்லை. "...முறுக்கின பிறகும் அளந்து சொல்லுங்கள்," என்றேன்.

"எட்டுக்குக் கொஞ்சம் மேல."

நன்றி என்று வைத்துவிட்டேன். கோழை. இன்னொரு சுற்று என் காதில் கேட்கவே ஏறிவிட்டது.

ஜூன் 26, திங்கள்

எழுதுகிறேன். புதுத் தாள் எடுத்திருக்கிறேன்.

தராசில் இரண்டு கிலோ கூடினால் பேரிங்கில் 300 கிலோ கூடுகிறது. ஆக, முதல் வாரம் 300. இரண்டாம் வாரம் 600. பிறகு 900, 1200, 1500, 1800. ஒவ்வொரு வாரமும் பேரிங்கின் ஆயுளில் எவ்வளவைத் தின்கிறது என்று பார்த்தேன். முதல் வாரம் ஆயிரத்தில் நாலு, அதாவது ஒன்றுமேயில்லை. இரண்டாம் வாரம் நூற்றுக்கு மூன்று. மூன்றாம் வாரம் பத்து. நாலாம் வாரம் இருபத்துநாலு. ஐந்தாம் வாரம் நாற்பத்தேழு. கூட்டினால் எண்பத்தைந்து. மிச்சம் பதினைந்தை ஆறாம் வாரம் ஒரு நாள் சொச்சத்தில் தின்றுவிடும்.

அப்படியானால் பேரிங்கின் கணக்கு ஆயுள் முப்பத்தாறு நாள்.

நல்லம்மாவுக்கு எடுத்தேன். முன்பு உடைந்த மூன்றும் எத்தனை நாள் ஓடின? சங்கக் கொப்பியைப் பார்த்துச் சொல்ல முடியுமா? மறுமுனையில் தாள் புரட்டும் சத்தம். நான் நாற்காலியில் உட்காரவேயில்லை.

"முப்பத்தெட்டு நாளுங்க. அப்புறம்... முப்பத்தேழு. கடைசியா ஒடஞ்சது நாப்பத்தொண்ணு."

முப்பத்தெட்டு, முப்பத்தேழு, நாற்பத்தொன்று! என் தாளில் முப்பத்தாறு!

என்ன கத்தினேனோ தெரியாது. அனுஷியா சமையலறையிலிருந்து அகப்பையோடு ஓடிவந்தாள். "என்னங்க, யாருக்கு என்ன?" தாளைக் காட்டினேன். நின்றபடியே ஒவ்வொரு வரியையும் பார்த்தாள். சிரிக்கவில்லை. அகப்பையைக் கீழே வைத்துவிட்டு, நான் மூலையில் பழக்கத்தில் கீறியிருந்த மூன்று கட்டத்தில் மூன்றாவதில் தன் பெயரை எழுதினாள். இரண்டாவதை விரலால் தட்டினாள்.

எழுதினேன். கணக்கிட்டவர்: சே. சேதுராமன். தாளில் சாம்பார்க் கறை.

ஜூன் 28, புதன்

சந்தோஷம் அடங்கியதும் அடுத்த கணக்கு. நான் முறுக்கிய உபரிச் சுற்றால் எல்லாம் ஒரு வாரம் முந்திவிட்டது. இப்படியே போனால் இந்தப் பேரிங் ஜூலை 11 அளவில் முடியும். ஞாயிற்றுக்கிழமை நான் வாய் திறக்காததற்கு மட்டும் நூற்றுக்குப் பத்துக்கு மேல் போய்விட்டது. என் கூச்சத்தை இதற்குமுன் யாரும் இப்படி அளந்து காட்டியதில்லை.

தொலைபேசியில் முடியாது. நேரில் போகவேண்டும்.

ஜூலை 2, ஞாயிறு

எல்லாவற்றையும் அப்படியே எழுதிவிட வேண்டும்.

பஸ்ஸில் போகும்போது நாலு வாக்கியம் மனப்பாடம் செய்தேன். குடிசை வாசலில் முப்பது பேர். கைமாற்றுகிற வீடு, வாங்குகிற வீடு, மற்றவர்கள் 'கணக்கு ஐயா' வருகிறார் என்று கேள்விப்பட்டு வந்தவர்கள். நாலு வாக்கியத்தில் ஒன்றும் நினைவில்லை. தாளை விரித்தேன்.

"பேரிங்கில் குற்றமில்லை. நஸீப் கடையிலும் இல்லை. பூட்டியதிலும் இல்லை. அந்த போல்ட்... வாராவாரம் ஒரு சுற்று... அதனால் பெல்ட் இறுகி..."

பிறகு மூக்கையா முன்னால் வந்தார்.

"எனக்கு வெளங்கலங்க. நாங்க அக்கறையா பாத்துக்கிட்டதுதான் தப்புங்கிறீங்களா?"

"அப்படியில்லை..."

"அப்படித்தானே சொல்றீங்க! ஃபேக்டரியில ஒரு சிஃப்ட்டுலருந்து இன்னொரு சிஃப்ட்டுக்குக் குடுக்கிறப்ப பெல்ட்ட முறுக்கிக் குடுக்கிறதுதான் முறை. தளந்த பெல்ட்ட குடுத்தவன மனுசனா மதிக்கமாட்டாங்க. அத இவங்களுக்குக் காட்டிக் குடுத்தவனே நான்தான். ஒரு வீடும் இதுவரைக்கும் தவறினதில்ல. தெரியுமா?"

அவருடைய கழுத்து நரம்பு புடைத்திருந்தது. வழக்கமாக நான் இந்த இடத்தில் மன்னிக்கவும் என்று தாளை மடித்துவிடுவேன். கை மடிக்கவும் ஆரம்பித்தது. நல்லம்மாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. கீழே, தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நானும் முறுக்கினேன்," என்றேன்.

"என்னது?"

"போன முறை வந்தேனே. எல்லாரும் பார்க்க ஒரு சுற்று முறுக்கினேன். முப்பத்துநாலு வருசம் இந்தக் கணக்கே வேலை. ஸ்பேனரை நீட்டினதும் சந்தோசமா வாங்கி முறுக்கிட்டுப் போயிட்டேன். வீட்டுக்குப் போன பிறகுதான் தெரிஞ்சது. எனக்கே தெரியலைன்னா நீங்க எப்படி..."

பின்னாலிருந்து ராக்கம்மா முதலில் சிரித்தார். "அடி ஆத்தே! டாக்டரே வெசத்தக் குடுத்துட்டுப் போன கதையால்ல இருக்கு!" முப்பது பேரும் சிரித்தார்கள். நானும். மூக்கையா சிரிக்கவில்லை. ஆனால் கைகட்டை அவிழ்த்துவிட்டு, "அந்தத் தாள இப்படிக் குடுங்க," என்றார்.

வாங்கி நீட்டிப் பிடித்துப் பார்த்தார். எதிர்பார்த்ததைவிட நன்றாக வாசிக்கத் தெரிந்தவர். 36 என்ற எண்ணில் விரல் நின்றது. அதற்குப் பக்கத்தில் 38, 37, 41.

"ஃபேக்டரியில அது தோல் பெல்ட்டு," என்றார் மெதுவாக. "நீண்டுகிட்டே போகும். முறுக்கித்தான் ஆகணும்." பெல்ட்டைப் பார்த்தார். "இது ரப்பரு. நீளல."

என் தாளில் இல்லாத காரணம் அது. எனக்கு அது தோன்றவேயில்லை. எண் என்னிடம் இருந்தது, ஏன் என்பது அவரிடம் இருந்தது. இதை அவரிடம் சொன்னேன். சரியாகச் சொன்னேனோ தெரியாது.

டர்பைனை நிறுத்தினார்கள். மூக்கையாவே குனிந்து போல்ட்டைத் தளர்த்தினார். தராசு ஆறாகி, நாலாகி, இரண்டானது. அங்கே நிறுத்தினோம். திரும்ப ஓடவிட்டதும் சத்தம் முன்னைவிட மெல்லியதாக இருந்ததா, எனக்குத்தான் அப்படியா என்று தெரியவில்லை.

அப்போது ராக்கம்மா கேட்டார்: "அப்ப இனி கைமாத்துறப்ப என்னதான் செய்யிறது? சும்மா சாவிய கையில குடுத்துட்டுப் போறதா? என்னமோ மாதிரி இருக்குமே."

அது என் பட்டியலில் இல்லாத கேள்வி.

"தராச மாட்டுவோம்," என்றார் நல்லம்மா. "குடுக்கிற வீடும் வாங்குற வீடும் சேந்து பாத்து, ரெண்டுன்னு எல்லாருக்கும் கேக்க சத்தமா சொல்லணும். ரெண்டு இல்லாட்டி மட்டும் மூக்கையாண்ணனக் கூப்புடணும்."

ஜூலை 5, புதன்

இந்தப் பேரிங்கில் மூன்றிலொரு பங்கு ஏற்கெனவே போய்விட்டது. மிச்சம் கணக்குப்படி மூன்று வருடம் ஓடும். கணக்குப்படி. நூற்றில் பத்து முன்னமே போகும் என்பதை நான் அவர்களிடம் சொல்லவில்லை. இது அந்தப் பத்தில் ஒன்றாக இருந்தால்? ஆகஸ்ட் 20 கூட்டத்துக்கு முதல்நாள் உடைந்தால்? சொல்லியிருக்க வேண்டும். எடுத்துச் சொன்னேன்.

"அது எல்லாத்துக்கும் உள்ளதுதானே ஐயா," என்றார் நல்லம்மா. "மனுசனுக்கும்."

ஜூலை 9, ஞாயிறு

நல்லம்மா எடுத்தார். முதல் தராசுக் கைமாற்றம். "ரெண்டு!" என்று இரண்டு வீடும் சேர்ந்து கத்தியதைத் தொலைபேசியில் கேட்டேன். யாரோ கைதட்டினார்கள். ஒரு சின்னச் சண்டையும் இருந்ததாம். இரண்டா, இரண்டுக்கு ஒரு நூல் குறைவா என்று. மூக்கையா ஸ்பேனரைத் தன் வீட்டு அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாராம். கேட்டால், "யாராச்சும் மரியாத செஞ்சிருவானுங்க" என்கிறாராம்.

ஜூலை 11, செவ்வாய்

இன்றுதான் அது உடைந்திருக்க வேண்டிய நாள். காலையிலிருந்து தொலைபேசிக்குப் பக்கத்தில். ஒருவரும் எடுக்கவில்லை.

பின்னேரம் எடுத்தது நஸீப். மின்விசிறிப் பேரிங் வந்திருக்கிறதாம்.

ஜூலை 12, புதன்

ஒருவரும் எடுக்கவில்லை!

ஜூலை 22, சனி

நாற்பத்தொன்று.

ஜூலை 23, ஞாயிறு

நாற்பத்திரண்டு! இந்தக் குடிசையில் இதுவரை எந்தப் பேரிங்கும் பார்க்காத நாள். நஸீபின் கடைக்கு ஒரு வேலையும் இல்லாமல் திங்கட்கிழமை போகப் போகிறேன். அவனுக்குச் சொல்ல வேண்டும்.

ஜூலை 24, திங்கள்

"நான் அன்டைக்கே செல்லினன் தானே சேர்!" என்று நஸீப் மேசையைத் தட்டினான். பிறகு சற்று யோசித்து, "ஆனா சேர், எல்லாரும் ஒங்களப் போல கணக்குப் போடத் தொடங்கினா எனக்கு யாவாரம் எங்க?" என்றான். இஞ்சித் தேத்தண்ணி எடுப்பித்துத் தந்தான்.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

"ரெண்டு!" ஐம்பத்தாறு நாள்.

ஆகஸ்ட் 19, சனி

நாளைக்குக் கூட்டம். தீர்மானத்தை எடுப்பார்கள். கேள்வி கேட்பார்கள். மூன்று வருடம் என்று எப்படிச் சொல்கிறீர்கள் என்று யாராவது கேட்டால்? பெரிய தாளில் முழுக்கணக்கையும் மறுபடி எழுதினேன். வரக்கூடிய கேள்விகள் பதினான்கு, அவற்றுக்கான விடைகள் பதினான்கு. அனுஷியா பதினைந்தாவது கேள்வி கேட்டாள்: "சாப்பிட வாறீங்களா இல்லையா?"

ஆகஸ்ட் 20, ஞாயிறு

பெரஹரா ஊர்வல நெரிசலில் பஸ்ஸெல்லாம் சுற்றிவந்தன. போய்ச் சேரும்போது கூட்டம் தொடங்கிவிட்டது. நல்லம்மா நிகழ்ச்சிநிரலை வாசித்துக்கொண்டிருந்தார். நான் கடைசி வாங்குப் பலகையில் உட்கார்ந்து தாளை மடியில் விரித்தேன்.

முதலில், யார் வீட்டில் மாலை ஆறு மணிக்கு ரைஸ் குக்கர் போடுவது என்பது. அந்த நேரத்தில் எல்லார் வீட்டு பல்பும் மங்குகிறதாம். ராக்கம்மா தன் வீட்டில் ரைஸ் குக்கரே இல்லை என்றார். "இல்லாட்டி அந்த வாசம் எங்கிருந்து வருது?" என்று ஒரு குரல். இது ஒரு மணி நேரம். பிறகு ஓடையில் சோப்பு போட்டுக் குளிப்பவர்கள். பிறகு கோயில் திருவிழாவுக்குக் கூடுதல் விளக்கு எத்தனை என்பது. இருபது என்று ஒரு கட்சி, நாற்பது என்று ஒரு கட்சி. மூக்கையா நாற்பது கட்சி. "தாங்கும்யா! நான் சொல்றேன் தாங்கும்!" பிறகு வாழைப்பழமும் தேத்தண்ணியும் வந்தன. ஆட்கள் எழுந்து போக ஆரம்பித்தார்கள்.

தாளை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டேன்.

இறங்கி வரும்போது மழை. ஒருவரும் பக்கத்தில் இல்லாததால் கொஞ்சம் வேகமாக நடந்தேன். ஓரிடத்தில் குதித்தும் இருக்கலாம்.

அனுஷியா கதவைத் திறந்தாள்.

"என்ன சொன்னாங்க?"

"ஒன்றுமில்லை."

"உங்களைப் பற்றி?"

"இல்லை."

"பேரிங்கைப் பற்றி?"

"ஒரு வார்த்தைகூட இல்லை, அனு. மூன்று மணி நேரம்! இரும்புக்குப் போடும் பேச்சையே ஒருவர்கூட எடுக்கவில்லை!"

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அதுக்கா இந்தச் சிரிப்பு? காலைப் பாருங்க முதல்ல."

குனிந்து பார்த்தேன். இரண்டு கணுக்காலிலும் அட்டை. நன்றாக இரத்தம் குடித்துப் பருத்திருந்தன. எந்த இடத்தில் ஏறினவோ, எனக்குத் தெரியவேயில்லை.